ஹாலுக்குள் ஒரு கூட்ஸ் வண்டி

திருவான்மியூரிலிருந்து தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நிலக்கரி ரயில் கிளம்புகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

'என்ன விளையாடுகிறீர்களா? திருவான்மியூரில் இருப்பது பறக்கும் ரயில். அதில் ஆபீஸ் போகிறவர்கள் போவார்கள், காலேஜ் பிள்ளைகள் போவார்கள். கரி எங்கே போகும்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விளையாட்டுதான். நான் சொல்கிற ரயில் ஓடுவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், நண்பர் ஒருவருடைய வீட்டு ஹாலில்! சாப்பாடு முடிந்து, டி.வி. சீரியலும் முடிந்த பிறகு டீப்பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பெரிய பிளைவுட் பலகையை விரிப்பார். அதன்மேல் முட்டை வடிவத்தில் தண்டவாளம். ஒரு குட்டி டீசல் எஞ்சின். பின்னால் பன்னிரண்டு வேகன்கள். எல்லாவற்றிலும் நிலக்கரி.

நண்பர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொம்மை ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் பெரும்பாலும் ராஜதானி, சதாப்தி என்று பளபளப்பான பாசஞ்சர் வண்டிகளைத்தான் தேடிப் போவார்கள். இவருக்கு அதெல்லாம் ஆகாது. "சார், சின்ன வயசுல லெவல் கிராசிங்ல நின்னு வேகன் எண்ணியிருக்கீங்களா? அம்பத்தாறு, அம்பத்தேழு, அம்பத்தெட்டு... கடைசியா கார்டு வண்டி. அந்த கார்டுக்கு டாட்டா காட்டாத பையன் உண்டா? அதான் எனக்கு ரயில்" என்றார்.

எண்ணிக்கை சரிதான். நம் ஊரில் நிலக்கரி சுமக்கும் கூட்ஸ் வண்டிக்கு 58 வேகன், ஒரு கார்டு வண்டி என்பது பல வருடங்களாக இருந்துவரும் கணக்கு. அந்த வேகனுக்கு ரயில்வே வைத்த பெயர் பாக்ஸ்-என். மேலே திறந்த, உயரமான இரும்புப் பெட்டி. 1980-களில் புழக்கத்துக்கு வந்தது. நீளம் 10.7 மீட்டர். காலியாக இருக்கும்போது 22 டன்னுக்குக் கொஞ்சம் அதிகம். அதில் சுமார் 59 டன் கரியைக் கொட்டலாம். ஆக மொத்தம் 81 டன்.

இப்போது ஒரு வேடிக்கையான கணக்கு. நண்பரின் பொம்மைகள் ஹெச்.ஓ. என்கிற அளவில் செய்யப்பட்டவை. அதாவது, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 10.7 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 12.3 சென்டிமீட்டர். ஒரு பேனா நீளத்துக்கும் குறைவு. எடை? அங்கேதான் விஷயம். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 87-ல் ஒரு பங்காகச் சுருங்குவதால், 87-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். ஆறரை லட்சத்தில் ஒரு பங்கு! 81 டன் வேகன் 123 கிராம் ஆகிவிடுகிறது. அதில் இருக்கும் 59 டன் கரி வெறும் 90 கிராம். ஒரு கைப்பிடி.

சரி, 58 வேகனையும் செய்து மாட்டினால்? ஏழு மீட்டர் வரும். "ஹால் பதினாறு அடி சார். எஞ்சின் பால்கனியில நின்னா, கார்டு வண்டி கிச்சனைத் தாண்டி நிக்கும்" என்றார் நண்பர். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்: "அந்த ஆசை வேறயா? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில் கட்டறது யாருன்னு அவரைக் கேளுங்க!"

அந்தக் கரண்ட் பில்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருவோம்.

*

நாம் என்னவோ ரயில் என்பது மனிதர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது, அப்புறம் மூட்டை முடிச்சுகளும் ஏறிக்கொண்டன என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது நேர்மாறு. ரயில் கரிக்காகப் பிறந்தது. மனிதர்கள் பின்னால் ஓடிவந்து ஏறிக்கொண்டவர்கள்!

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நியூகாசில் பக்கம், நீராவி எஞ்சின் வருவதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே கரிச் சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரை வரை மரத்தால் ஆன தண்டவாளம் போட்டுவிட்டார்கள். அதன்மேல் குதிரைகள் வண்டி இழுத்தன. அந்த வண்டியின் உருவத்தைப் பார்க்க வேண்டும். மேலே அகலம், கீழே குறுகல், அடியில் ஒரு கதவு. ஆற்றின்மேல் கட்டப்பட்ட மேடைக்கு வண்டியைக் கொண்டுபோய், கீழ்க்கதவைத் திறந்தால் கரி சரசரவென்று இறங்கிவிடும். நம் மாவு மில்லில் அரிசியைக் கொட்டுகிற அகலமான வாய் இருக்கிறதல்லவா? அதே வடிவம், அதே தத்துவம். அள்ள வேண்டாம், பூமியே இழுத்துக்கொள்ளும். இதற்குத்தான் ஹாப்பர் என்று பெயர். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் ஹாப்பர் வேகன்களுக்கெல்லாம் இந்தக் குதிரை வண்டிதான் கொள்ளுத்தாத்தா.

1825 செப்டம்பர் 27. ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதை திறப்பு விழா. ஜார்ஜ் ஸ்டீபன்சனின் எஞ்சின் இழுத்துக்கொண்டு போக, நூற்றுக்கணக்கான பேர் குதூகலமாகப் பயணம் செய்தார்கள். எதில் உட்கார்ந்து? பெரும்பாலும் கரி வேகன்களில்!

இன்னொன்று. உலகத்தில் பாதிக்குமேல் ரயில் பாதைகளின் அகலம் 4 அடி 8½ அங்குலம். இது யார் தீர்மானித்தது? பெரிய விஞ்ஞானக் கணக்கெல்லாம் இல்லை. ஸ்டீபன்சன் முதலில் வேலை பார்த்த கில்லிங்வொர்த் சுரங்கத்தில் கரி வண்டிகள் 4 அடி 8 அங்குலப் பாதையில் ஓடின. பழகிய அளவையே அவர் வைத்துக்கொண்டார். சக்கரம் வளைவுகளில் சிக்காமல் இருக்கப் பிறகு அரை அங்குலம் சேர்த்தார்கள். அவ்வளவுதான். நியூயார்க்கிலும் பாரிஸிலும் இன்று ஓடுகிற ரயில்களின் அகலம் ஒரு கிராமத்துக் கரி வண்டியின் அகலம்!

பொம்மை ரயிலுக்கும் இதே தலையெழுத்துதான். அமெரிக்காவில் லயனல் என்ற கம்பெனி பொம்மை ரயில்களால் கொடி கட்டிப் பறந்தது. அதைத் தொடங்கிய ஜோஷுவா லயனல் கோவன், 1900-ம் வருடத்தையொட்டி நியூயார்க்கில் ஒரு கடைக்காரருக்காக ஒன்றைச் செய்துகொடுத்தார். மேலே திறந்த, மரத்தாலான ஒரு கூட்ஸ் வேகன். அடியில் ஃபேன் மோட்டார். வட்டமான தண்டவாளம். எதற்காக? கடையின் கண்ணாடி ஜன்னலில் சாமான்களை வைத்துச் சுற்றவிட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்களே, அதற்காக. நின்று பார்த்தார்கள். ஆனால், உள்ளே வந்தவர்கள் சாமானை விட்டுவிட்டு 'அந்த வண்டி என்ன விலை?' என்று கேட்டார்களாம்! எஞ்சினும் இல்லை, பாசஞ்சர் பெட்டியும் இல்லை. லயனலின் முதல் ரயில் ஒரு ஒற்றைக் கூட்ஸ் வேகன்.

*

நம்ம ஊர் மட்டும் விதிவிலக்கா? இந்தியாவின் முதல் ரயில் என்றதும் எல்லோரும் 1853, பம்பாய் – தாணே என்று ஒப்பிப்போம். அது முதல் பாசஞ்சர் ரயில். அதற்குப் பதினாறு வருடம் முன்பே, 1837-ல், சென்னையில் ரயில் ஓடிவிட்டது. செங்குன்றத்திலிருந்து! ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர், பின்னாளில் கோதாவரி அணைக்கட்டால் புகழ்பெற்ற அதே காட்டன், ரோடு போடுவதற்கான செம்பாறைக் கற்களை நகரத்துக்குள் கொண்டுவர அந்தப் பாதையைப் போட்டார்.

ஆனால், அதற்கும் முன்னால் அவர் செய்ததுதான் சுவாரஸ்யம். 1836-ல் சிந்தாதிரிப்பேட்டை பாலத்தருகே ஒரு துண்டுத் தண்டவாளம் மட்டும் போட்டு, அதன்மேல் கல் ஏற்றிய ஒரு சின்ன வண்டியை வைத்தார். ஏற்றத்தில்கூட ஒரு ஆள் சுலபமாகத் தள்ளிவிட முடிகிறது என்று ஜனங்களுக்குக் காட்டத்தான். யோசித்துப் பாருங்கள். இந்திய ரயில்வேயின் கதை சென்னையில், கிட்டத்தட்ட ஒரு மாடல் கூட்ஸ் வண்டியோடு தொடங்கியிருக்கிறது!

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு நிஜமான ரயில் கிளம்பியது. எஞ்சினுக்கு எரிபொருள்? அங்கேதான் சிக்கல். இந்தியாவில் கரி கிடைத்த இடமோ வங்காளத்து ராணிகஞ்ச். தமிழ்நாட்டில் நிலக்கரி கிடையாது. கல்கத்தாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கப்பலில் வர வேண்டும். விலை எகிறும். அதனால் தெற்கத்தி எஞ்சின்கள் வெகு காலம் தின்றது விறகு! அந்த விறகுக்காகவே, 1860-கள் முதல் கடற்கரை மணலில் ஏக்கர் ஏக்கராகச் சவுக்கு நட்டார்கள். ஈ.சி.ஆரில் போகும்போது 'ஆஹா, என்ன அழகான சவுக்குத் தோப்பு' என்கிறோமே, அந்த மரம் இந்தக் கரையில் இவ்வளவு பரவியதற்கு ரயில் பசியும் ஒரு காரணம்.

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போனால் ஒரு தடவை கீழே எட்டிப் பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது பாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல் தொடங்கி, பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்டு, 1870-களின் கொடும் பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பசித்த ஜனங்களின் கைகளால் இணைக்கப்பட்ட கால்வாய். நகரத்துக்கு உப்பும் விறகும் இதில்தான் படகு படகாக வந்தன. ஸ்ரீஹரிகோட்டா என்றால் இன்று ராக்கெட். அன்று சென்னைவாசிக்கு அது அடுப்பு விறகு! 1960-களின் புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து அடங்கிப்போனது. 2004-ல் பறக்கும் ரயில் திருவான்மியூர் வரை வந்தபோது அதன் தூண்கள் வழிநெடுகக் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயும் நின்றன. எரிபொருள் வந்த வழியின் தலைக்குமேல் இன்று ஆபீஸ் போகிறோம்.

*

கரி இல்லாத ஊருக்குக் கரி எப்படித்தான் வந்தது? 1871-ல் நிஜாம் சமஸ்தானத்து எல்லந்து பக்கம் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டு, 1889-ல் சிங்கரேணி சுரங்கங்கள் வெட்ட ஆரம்பித்தார்கள். தெற்கு ரயில்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம். கரி இல்லாத மாகாணம் மலையிலிருந்து விழும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. 1956-ல் நெய்வேலி நிறுவனம். அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதைச் சுரங்க வாசலிலேயே எரித்துவிடுவதுதான் லாபம் என்பதால் பெரும்பாலும் பெல்ட்டிலேயே போய்விடும். வேகனுக்கு அவ்வளவாக வேலையில்லை.

வேகனுக்கு நிஜமான வேலை வந்தது 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் புகைவிட ஆரம்பித்தபோது. 1980-களின் கடைசியில் மேட்டூர் சேர்ந்துகொண்டது. இந்தக் கரி பண்ணுகிற பயணம் இருக்கிறதே, அது ஒரு தனி க்ஷேத்திராடனம். ஒடிசா சுரங்கத்தில் வேகனில் ஏறி, பாரதீப் துறைமுகத்தில் இறங்கி, கப்பலில் ஏறி, வங்காள விரிகுடாவைக் கடந்து, எண்ணூருக்கு வந்து, மறுபடி வேகனில் ஏறி, மேட்டூர் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு நொடியில் சாம்பலாகிவிடும்!

மேட்டூரின் பழைய நிலையம் மட்டும் 840 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரி என்று வைத்துக்கொண்டால், அது முழு மூச்சில் ஓடுகிற நாளில் 14,000 டன் வேண்டும். நீங்கள் லெவல் கிராசிங்கில் நின்று எண்ணிய 58 வேகன் வண்டியில் நாலு வண்டி. தினமும்!

இத்தனை கரியை எப்படி இறக்குவது? இதற்கு இரண்டு வழி. ஒன்று, பாக்ஸ்-என் மாதிரி மூடிய அடிப்பாகம் கொண்ட வேகனை ஒரு ராட்சத இயந்திரம் அப்படியே கட்டிப்பிடித்து, கிட்டத்தட்டத் தலைகீழாகக் கவிழ்க்கும். டப்பாவைக் கவிழ்த்துப் பருப்பைக் கொட்டுகிற மாதிரி. இதற்கு டிப்ளர் என்று பெயர். இரண்டாவது, பழைய குதிரை வண்டித் தத்துவம். அடிக்கதவு திறக்கும் ஹாப்பர். நம் ரயில்வேயில் அதன் பெயர் பி.ஓ.பி.ஆர்.என். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திறந்த பெட்டி, அடிவழியாகச் சீக்கிரம் கொட்டும், ஏர் பிரேக் உண்டு என்று அர்த்தம். காற்றழுத்தத்தால் கதவு திறக்கும்.

ஹாப்பர்தான் வேகம் என்றால், எல்லாவற்றையும் ஹாப்பராகவே செய்துவிடலாமே? அங்கேதான் ரயில்வேக்காரரின் கணக்கு இடிக்கிறது. கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஹாப்பர் பெரும்பாலும் காலியாகத்தான் வர வேண்டும். பாக்ஸ்-என் வேகனிலோ வேறு சரக்கு ஏதாவது ஏற்றலாம். காலி வண்டி ஓடினால் யார் காசு?

இதற்கு 1965-ல் பிரிட்டன்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் நடுவே, எஞ்சினைக் கழற்றவே கழற்றாமல், ஒரே வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். மின் நிலையத்துக்குள் வளைந்த பாதை. வண்டி நிற்காது, நடையைவிட மெதுவாக நகரும். கருவி தட்டியதும் ஒவ்வொரு வேகனாகக் கதவு திறந்து, கரி கொட்டி, மூடிக்கொள்ளும். குடை ராட்டினம் மாதிரி சுற்றுவதால் 'மெர்ரி-கோ-ரவுண்ட்' என்று பெயர் வைத்தார்கள். இதற்காகவே பதினோராயிரத்துச் சொச்சம் ஹாப்பர்களைச் செய்தார்கள். 1980-களில் நம் தேசிய அனல் மின் கழகம் சிங்ரவுலி, ராமகுண்டம் என்று வரிசையாக இதே முறையைக் கொண்டுவந்தது. அங்கே எஞ்சினீயர்கள் இதைச் சுருக்கமாக எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? எம்.ஜி.ஆர்.!

நண்பரிடம் இதைச் சொன்னபோது குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு பலகையைக் காட்டினார். "பாருங்க சார். இதுவும் எம்.ஜி.ஆர்.தான்!" வாஸ்தவம். முட்டை வடிவத் தண்டவாளத்தில் நிற்காமல் சுற்றுகிற பொம்மை. நிஜ ரயில் கடைசியில் பொம்மை ரயிலிடம் பாடம் படித்திருக்கிறது.

*

ஆனால், பொம்மையில் இல்லாத ஒன்று நிஜத்தில் இருக்கிறது. தூசி.

சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்கிய காலத்தில் ராயபுரம் பக்கம் வெள்ளை வேட்டியைக் கொடியில் காயப்போட முடியாது. வீட்டு ஜன்னலில், சோற்றில், மூச்சில் எல்லாம் கரி. பக்கத்திலேயே ஐகோர்ட். வழக்கு நடந்து, 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் கரி கையாள்வது நிறுத்தப்பட்டது. அத்தனையும் எண்ணூருக்குப் போனது. நமக்குப் பிரச்னை தீர்ந்தது. எண்ணூர்க்காரர்களுக்கு? அவர்களுக்கு ஏற்கெனவே சாம்பல் இருந்தது. கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலில் மீன் பாடு குறைந்தது என்று அங்கே மீனவர்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பழைய எண்ணூர் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் வடசென்னை நிலையங்களும் துறைமுகமும் அங்கேதான் இருக்கின்றன.

2022 கோடையில் நாட்டில் கரித் தட்டுப்பாடு. கரி வண்டிகளுக்கு வழிவிட, நூற்றுக்கணக்கான பாசஞ்சர் ரயில் பயணங்களை ரத்து செய்தார்கள். 1825-ல் கரி வேகனில் ஏறிக்கொண்ட மனிதர்களை, 'கொஞ்சம் இறங்குங்க, கரி போகணும்' என்று சொல்லிவிட்டது ரயில்!

மெர்ரி-கோ-ரவுண்டைக் கண்டுபிடித்த பிரிட்டனிலோ 2024 செப்டம்பர் 30-ம் தேதி கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். அந்தப் பதினோராயிரம் ஹாப்பர்களும் அதற்கு முன்பே காயலான் கடைக்குப் போயாயிற்று. மிச்சம் சில, ரயில் பிரியர்களின் காட்சிப் பொருள். ஆனால், ஹார்ன்பி கம்பெனியின் பொம்மை ஹாப்பர்கள் மட்டும் இன்னும் பல வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அசல் போய்விட்டது, நகல் இருக்கிறது.

இப்போது அந்தக் கரண்ட் பில். ஒரு பாக்ஸ்-என் வேகன் கரியில் தோராயமாக 84,000 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். மாதம் 250 யூனிட் செலவழிக்கும் வீடு என்றால், 28 வீடுகளுக்கு ஒரு வருடத்துக்கு வரும். நண்பரின் குடியிருப்பு கிட்டத்தட்ட அந்த அளவுதான். கம்பியில் வருகிற கரண்ட்டில் எது கரி, எது காற்று, எது வெயில், எது கல்பாக்கம் என்று பிரிக்க முடியாது. ஆனாலும், அந்தப் பொம்மை வண்டி ஓடுவதற்குக் காரணமான மின்சாரத்தில் ஒரு பங்கு நிஜ வண்டி சுமந்து வந்ததுதான்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். பலகையின் ஓரத்தில், தண்டவாளத்தை ஒட்டி ஒரு மனித உருவம். இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. குனிந்து பார்த்தேன். புடவையை வரிந்து கட்டிய ஒரு பெண். தலையில் கூடை. கூடையில் கரி.

"நீராவி எஞ்சின் காலத்துல லோகோ ஷெட்ல இவங்கதான் சார் கரி சுமப்பாங்க. எங்கப்பா ஃபயர்மேன். சாப்பாடு கொண்டுபோறப்ப பாத்திருக்கேன்" என்றார். "வேகன் கடையில கிடைக்குது. எஞ்சின் கிடைக்குது. சிக்னல், மரம், ஆடு மாடுகூடக் கிடைக்குது. பொம்மை மனுஷங்க கேட்டா, கோட்டு போட்டு தொப்பி வெச்ச வெள்ளைக்காரங்கதான் இருக்காங்க. இந்த அம்மா எங்கயும் கிடைக்கல. அதான் நானே செஞ்சேன்."

பிராட்கேஜில் நீராவி எஞ்சின் 1995-ல் ஓய்வு பெற்றது. கூடை சுமந்தவர்களும் கலைந்து போனார்கள். அவர்கள் பெயர் எந்த வேகன்மேலும் எழுதப்படவில்லை.

அடுத்த தடவை லெவல் கிராசிங்கில் கேட் போட்டு, நீளமாக ஒரு கரி வண்டி போகும்போது, 'சே, லேட்டாகுதே' என்று சலித்துக்கொள்ளாமல் எண்ணிப் பாருங்கள். முடிந்தால் கடைசியில் கார்டுக்கு ஒரு டாட்டா காட்டுங்கள். உங்கள் வீட்டு விளக்குக்கும் சேர்த்துத்தான் அந்த வண்டி போகிறது.